ஏழாவது ஜாடி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது தாராவியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம். குழாயடியில் குடத்தை முன்னால் நகர்த்துகிறவள்கூட நான் வருவதைப் பார்த்தால் பின்னால் இழுத்துக்கொள்வாள். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் மகன் உஸாமாவின் கபரைக் காட்டுங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. எங்கள் ஆட்களில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற வழக்கம் கிடையாது. மேலப்பாளையத்திலும் கிடையாது, பம்பாய்க்கு வந்த பிறகும் கிடையாது. ஆம்பிளைகள் தூக்கிக்கொண்டு போவார்கள், அடக்கிவிட்டு வருவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று அவர்கள் வந்து சொல்வதுதான் எங்களுக்கு.

உஸாமா லாக்டவுன் வருஷத்துப் பிள்ளை. எனக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. காய்ச்சல் வந்தது, டெஸ்ட் எடுத்தார்கள், கொரோனா என்றார்கள். தலையில் இருந்து கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் வந்து, சந்தே ஜன்னல் வழியாகப் பார்க்க, என்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் மகள், ஐந்து வயது ஆஸியா, வாசலில் நின்று கத்தினாள். அவளைத் தூக்கக்கூட என்னை விடவில்லை. ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தபோதே வலி வந்துவிட்டது. முகத்தில் மாஸ்க்கைப் போட்டதுதான் எனக்குத் தெரியும். நினைவு வந்தபோது வயிறு காலியாக இருந்தது. பையன், இறந்துதான் பிறந்தான் என்றாள் நர்ஸ். எங்கே என்று கேட்டேன். உன் வீட்டு ஆளிடம் பேசியாகிவிட்டது, நீ தூங்கு என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவரிடம் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"அடக்கியாச்சி சைனபு. குளுப்பாட்டி, கபன் துணி போட்டு, கபர்ஸ்தான்ல மேக்குச் சுவரு ஓரமா வச்சாச்சி. நாந்தான் குழியில எறக்குனேன். நீ சபூர் செய்யி, பொறுத்துக்க."

"யாரு சாடை?"

"உன் சாடைதான். மூக்கு அப்படியே உன் மூக்கு. தலை நெறைய முடி."

அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் நான் பிழைத்தேன். இல்லாவிட்டால் அன்றைக்கே எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். ஒவ்வொரு பராஅத் இரவுக்கும் அவர் கபர்ஸ்தானுக்குக் கிளம்பும்போது பன்னீர் பாட்டிலும் ஊதுபத்தியும் கொடுத்து அனுப்புவேன். முதல் வருஷம் ஒரு மருதாணிக் கன்று வாங்கிக் கொடுத்தேன், தலைமாட்டில் நடச் சொல்லி. அவர் திரும்பி வந்ததும் கேட்பேன், செடி எப்படி இருக்கிறது என்று. தழைச்சி நிக்கி என்பார். நானும் அடுப்பு வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

மியூசியத்துக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது ஆஸியா. அவளுக்கு இப்போது பதினொன்று. இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள், ஆனால் சண்டை போட மட்டும் சுத்தமான திருநெல்வேலித் தமிழ் வந்துவிடும். அது என் வளர்ப்பு. வகுப்பில் எல்லாரும் போய்விட்டு வந்துவிட்டார்களாம், இவள் மட்டும்தான் பாக்கியாம்.

"வாப்பா, நீங்க போன மாசமும் அடுத்த மாசம், அகலா மைனான்னு சொன்னிய. ஜூட்டா!"

"ஏட்டி, வாப்பாவப் பாத்து பொய்யின்னு சொல்லுத?" என்று நான் கையை ஓங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "விடு, ஞாயித்துக்கெழம போவம்" என்றார்.

என் வீட்டுக்காரர் பெயர் இனாயத்துல்லா. கிராஸ் ரோட்டுப் பக்கம் தோல் பை தைக்கிற கார்கானா வைத்திருக்கிறார். நல்ல மனிதர் என்று யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். வேலை செய்கிற பையன்களை ஒரு கெட்ட வார்த்தை சொல்லமாட்டார். ஐந்து வேளையும் தொழுவார். நான் கத்தினால் பேசாமல் இருந்துவிடுவார். அந்தப் பேசாமல் இருப்பதைத்தான் நான் இத்தனை வருஷமாகக் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனோம். எலுமிச்சைச் சோறும் முட்டையும் கட்டி எடுத்துக்கொண்டேன். மியூசியம் பெரிய இடம். வெளியே தோட்டத்திலேயே பழைய ரயில் இன்ஜின், டிராம் வண்டி, ஆகாய விமானம் என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே மாடி மேல் மாடியாக ஹால்கள். பம்பாயில் இத்தனை வருஷம் இருந்தும் இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்த பம்பாய் தாராவி, மாதுங்கா மார்க்கெட், வருஷத்துக்கு ஒருமுறை காட்கோபரில் இருக்கிற மாமி வீடு. அவ்வளவுதான்.

அவர் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். எங்கே பொத்தான் இருந்தாலும் அமுக்கினார். ஒரு உருண்டையில் கை வைத்தால் முடியெல்லாம் எழுந்து நிற்கிறது. அவர் கை வைத்தார், தாடி விறைத்துக்கொண்டு நின்றது. ஆஸியா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆளைக் குட்டையாகவும் குண்டாகவும் காட்டுகிற கண்ணாடி முன்னால் நின்று, "பாத்தியா, உங்க உம்மா சமையல் செஞ்ச வேலைய" என்றார்.

"ஆமா, என் சமையல்தான். பை வாங்குற சேட்டு வீட்டு ஓசி பிரியாணிக்கு ஒண்ணும் இல்ல, என்ன?" என்றேன். நானும் சிரித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு மத்தியானம்வரை நாங்கள் மூன்று பேரும் சந்தோஷமாக இருந்தோம். அதை நினைத்தால் இப்போது எனக்கு எரிச்சலாக வருகிறது.

சாப்பிட்டு முடித்து மேல் மாடிக்குப் போனோம். வாசலில் பெரிய மனித உருவம் ஒன்று, தோல் இல்லாமல், உள்ளே இருக்கிற ஈரல் குடல் எல்லாம் தெரிகிற மாதிரி நின்றது. ஆஸியா உள்ளே ஓடினாள். அவர் வாசலிலேயே நின்றார்.

"இது டாக்டருக்குப் படிக்கிறவுங்க பாக்குறது. கீழ ரயிலு ஷோ ஆரம்பிக்கப் போறாம்லா, அதுக்குப் போவம்."

"பிள்ள உள்ள போயிட்டா. வாங்க. ஈரல் பாத்தா பயமா உங்களுக்கு? பக்ரீத்துக்கு அறுக்கையில மட்டும் மொத ஆளா நிக்கிய."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே ஒரு ஆள் உயரத்துக்கு இதயம் செய்து வைத்திருந்தார்கள். அது சுருங்கி விரிய, ஸ்பீக்கரில் அதன் துடிப்புச் சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது. அதைத் தாண்டினால் ஒரு மூலை. அங்கே மட்டும் வெளிச்சம் குறைவு. சுவர் ஓரமாக வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் சின்ன லைட். பக்கத்தில் ஒரு ஸ்டூலில், சிவப்புக் கரை போட்ட சேலை கட்டின மராத்திக்காரம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்தார். சேலையில் குத்தியிருந்த பெயரை ஆஸியா படித்தாள், பாகீரதி என்று. அப்புறம் ஜாடிக்கு மேலே எழுதியிருந்ததையும் படித்துச் சொன்னாள்.

"உம்மா, இதெல்லாம் நெஜ பேபி. பொம்ம இல்ல. வயித்துக்குள்ள ஒவ்வொரு மாசமும் எப்டி இருக்கும்னு வச்சிருக்காங்க."

முதல் ஜாடியில் இருந்தது பிள்ளை என்றே சொல்லமுடியாது. அடுத்ததில் ஒரு புளியங்கொட்டை அளவு. அப்புறம் தலை வந்தது, கை வந்தது, விரல் வந்தது. நான் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனேன். கால் தானாகப் போனது. ஏழாவதில் நின்றுவிட்டேன்.

கண் மூடியிருந்தது. கை இரண்டையும் தாடைக்குக் கீழே மடக்கி வைத்திருந்தது. நகம்கூட இருந்தது. ஆம்பிளைப் பிள்ளை. தண்ணீருக்குள் அசையாமல் குந்தியிருந்தது.

ஆஸியா என் கையைப் பிடித்தாள். "உம்மா, உஸாமாவும் இப்டித்தான் இருந்தானா?"

என்னிடம் கேட்டால் எனக்கு என்ன தெரியும்? வயிற்றில் வைத்திருந்தவள் நான்தான், ஆனால் பார்த்தவள் நான் இல்லையே. நான் அவர் பக்கம் திரும்பினேன். "நீங்கதான பாத்தீய. இவ்வளவு பெருசா இருந்தானா?" என்று கேட்டேன். சண்டைக்குக் கேட்கவில்லை. ஆசையாகத்தான் கேட்டேன்.

அவர் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. ஜாடிக்குக் கீழே ஒட்டியிருந்த தகட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலீஷ் அவருக்கு வராது.

"ஆஸியா, இதுல வருசம் எதும் போட்டிருக்கா பாரு."

"வருஷமா? இல்ல வாப்பா. ஏழாவது மாசம்னு மட்டும்தான் இருக்கு."

"எந்த ஆஸ்பத்திரின்னு?"

"அதுவும் இல்ல."

"நல்லா பாருளா. ஓரத்துல சின்னதா எழுதியிருப்பான்."

ஆஸியா பார்த்துவிட்டு இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் விறுவிறு என்று ஸ்டூலுக்குப் போனார். பாகீரதியம்மாவிடம் மெதுவாகத்தான் இந்தியில் கேட்டார். ஆனால் என் காது அங்கேதான் இருந்தது. இந்தப் பிள்ளைகள் எங்கே இருந்து வந்தவை, எந்த ஆஸ்பத்திரி கொடுத்தது என்று கேட்டார். அந்த அம்மா தெரியாது என்றார். உடனே இவர் இன்னொன்று கேட்டார்.

"லாக்டவுனுக்கு முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததா?"

தன் கையால் குளிப்பாட்டி, தன் கையால் குழியில் இறக்கி, மண் தள்ளின மனிதருக்கு அந்த ஜாடியின் வருஷம் எதற்கு? ஆஸ்பத்திரியின் பெயர் எதற்கு?

பாகீரதியம்மா என் முகத்தைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். ஆபீசில் கேட்டுச் சொல்கிறேன், பழைய சாகிப் ஒருவர் இருக்கிறார் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆஸியாவை இதயத்துக்குப் பக்கத்தில் இருந்த பொத்தான்களை அமுக்கிப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். அவள் போனதும் அவரை மூலையில் கிடந்த பெஞ்சுக்குக் கூட்டிப்போனேன்.

"உஸாமா எங்க இருக்கான்?"

"என்ன கேள்வி இது? கபர்ஸ்தான்ல."

"அல்லா மேல சத்தியமா சொல்லுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொழுகிற மனிதர், பொய்ச் சத்தியம் செய்யமாட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவரை எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் இதயம் அடித்துக்கொண்டே இருந்தது.

"சொல்லுங்க. இங்கனயே கத்திருவேன், ஆமா. எனக்கு வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாது."

"மெதுவா பேசு, பிள்ளைக்குக் கேக்கும்."

"கேக்கட்டும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்திச்சி. வந்து வாங்கிக்கிடுங்கன்னாங்க. நம்ம சந்த மூங்கில் கட்டி அடைச்சிப் போட்டிருந்தானுவ, உனக்குத் தெரியாது, நீ அங்க இருந்த. வெளிய போனா என்னையும் பிடிச்சி குவாரண்டைன்னு ஸ்கூல்ல கொண்டு வச்சிருவான். ஆஸியாவ யாருட்ட விட? பக்கத்து வீட்டுக்காரி நம்மளப் பாத்தாலே கதவ அடைக்கா. அஞ்சு வயசுப் பிள்ளய தனியா வச்சி பூட்டிட்டுப் போவ முடியுமா? நீங்களே செஞ்சிருங்கன்னு சொல்லிட்டேன்."

"என்னத்தச் செஞ்சிருங்கன்னு?"

"அடக்கிருங்கன்னு."

"யாரு அடக்குனா?"

"தெரியாது."

"எங்க?"

"தெரியாது சைனபு."

"ரோட்ட தொறந்த பொறவு போயி கேட்டியளா?"

"போனேன். கேட்டேன். ஒருத்தனும் ஒழுங்கா சொல்லல. அந்த நேரத்துல வந்ததெல்லாம் ஒண்ணா போயிருச்சின்னான் ஒருத்தன். இன்னொருத்தன்..." அவர் நிறுத்தினார்.

"இன்னொருத்தன்?"

"கேக்க ஆளில்லாத சின்னப் பிள்ளையள டாக்டருக்குப் படிக்கிறவுங்களுக்குக் குடுத்துருவாங்கன்னான். பாட்டில்ல போட்டு வச்சிருவாங்களாம். அதுக்கு மேல நான் யாருட்டயும் கேக்கல. கேக்கப் பயந்துட்டு வந்துட்டேன்."

"கேக்க ஆளில்லாத பிள்ளையா? என் பிள்ளையா?"

அவர் அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அவர் போகாததை நான் புரிந்துகொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த இடத்திலேயே புரிந்துகொண்டேன். அந்த நாட்களில் சந்து கிடந்த கிடப்பு எனக்குத் தெரியாதா? ஆஸியாவைத் தனியாக விட்டுவிட்டுப் போயிருந்தால் அதற்கும் நான்தான் அவரைக் கிழித்திருப்பேன். வந்து ஒரு வார்த்தை, என்னால் முடியவில்லை சைனபு, நம் பிள்ளை எங்கே என்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மாரடித்துக்கொண்டு அழுதிருப்போம். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நான் கேட்டிருப்பேன். என் வாய்க்குப் பயந்தாவது எவனாவது சொல்லியிருப்பான். அப்போது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இப்போது யாரிடம் போய்க் கேட்பது?

"மூக்கு என் மூக்குன்னியளே."

"நீ கேட்ட. உன் மூஞ்சியப் பாத்து சொல்ல வரல."

"நீங்க அவனப் பாக்கவே இல்ல."

"இல்ல."

"தலை நெறைய முடின்னிய."

"ஆஸியா பொறக்கையில அப்படித்தான இருந்தா. அத நெனச்சிச் சொன்னேன்."

போகாததைக்கூட மன்னிப்பேன். அந்த மூக்கை என்னால் மன்னிக்கமுடியவில்லை. என் மகனுக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். ரமலானில் விடியுமுன் சஹருக்கு எழுந்து தனியாக உட்கார்ந்திருக்கும்போது அந்த முகத்தோடுதான் பேசுவேன். அதையும் பிடுங்கிக்கொண்டார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவளுக்குப் புத்தி எங்கே போச்சு என்பார்கள். எனக்குப் புத்தி இல்லாமல் இல்லை. கபர்ஸ்தான் சுவருக்கு அந்தப் பக்கம் போகக்கூடாது என்று சொல்லி வளர்த்தார்கள், நான் போகவில்லை. அந்தச் சுவர் எனக்காகக் கட்டினதா, இவருக்காகக் கட்டினதா?

"மருதாணிக் கன்ன என்ன செஞ்சிய?"

"நட்டேன். யாரோ ஒருத்தரு கபர்ல. வீசியெறிய மனசு வரல."

"பன்னீரு?"

"அதையும் அங்கனதான் தெளிச்சேன். மனசுல நெய்யத்து உஸாமாவுக்குத்தான் வச்சேன். அல்லாவுக்குத் தெரியும்."

"அல்லாவுக்குத் தெரியும். எனக்குத்தான தெரியாமப் போச்சி" என்றேன்.

அப்போது பாகீரதியம்மா திரும்பி வந்தார். போனைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இந்தியில் சொன்னார். சாகிபிடம் கேட்டுவிட்டாராம். இந்த ஹால் கட்டின காலத்திலேயே ஒரு காலேஜில் இருந்து வந்த ஜாடிகளாம். தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னாலேயே வந்தவை, தன் மகளுக்கே இப்போது பிள்ளை இருக்கிறது என்றார். லாக்டவுனில் மியூசியமே பூட்டித்தான் கிடந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் தோளில் கையை வைத்துவிட்டுத் தன் ஸ்டூலுக்குப் போனார்.

"அல்ஹம்துலில்லா" என்றார் என் வீட்டுக்காரர். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவை நான் பார்த்தேன். ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை இறக்கி வைத்துவிட்டார், என் தலையில்.

"வீட்டுக்குப் போவமா? பிள்ளைக்குப் பசிக்கும்" என்றார்.

"உங்களுக்குச் சந்தோசமா இருக்கு, என்ன?"

"நம்ம பிள்ள இல்லல்லா சைனபு. அல்லா காப்பாத்திட்டான்."

"நம்ம பிள்ளையா இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

"தௌபா, தௌபா! என்ன பேச்சு பேசுத? பெத்தவ பேசுற பேச்சா இது?"

"பெத்தவதான் பேசுதேன். அவனா இருந்திருந்தா எங்க இருக்கான்னாவது எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம டிக்கெட் எடுத்து வந்து பாத்துட்டுப் போயிருப்பேன். இங்க பொம்பள வரக் கூடாதுன்னு எவனும் சொல்லலல்லா."

அவர் வாயை மூடிக்கொண்டார். வழக்கமான மூடல்தான்.

நான் எழுந்து ஜாடிகளுக்கு முன்னால் போனேன். ஒரு குடும்பம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் சின்னப் பெண்ணைத் தூக்கி எட்டாவது ஜாடியைக் காட்டி, நீயும் இப்படித்தான் இருந்தாய் என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர்கள் போகிறவரை நின்றேன். ஏழாவது ஜாடிக்குள் இருந்த பிள்ளைக்கும் ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்கும் யாராவது வந்து, எல்லாம் முடிஞ்சாச்சி, நீ தூங்கு என்று சொல்லியிருப்பார்கள். அவள் இப்போது கிழவியாக இருப்பாள், இல்லை செத்துப் போயிருப்பாள். தன் பிள்ளை இங்கே லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாது.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினேன். ஆஸியா ஓடி வந்து என் பக்கத்தில் நின்றாள். எவ்வளவு கேட்டாளோ, எனக்குத் தெரியாது. அவள் கண் சிவந்திருந்தது.

"யாருக்கு உம்மா துஆ?"

"இவுங்களுக்கு. யாரும் ஓதியிருக்க மாட்டாங்க."

"இவங்க நம்ம ஆளுங்களா?"

"எந்த ஆளா இருந்தா என்னட்டி? பிள்ளைய."

"உஸாமாவுக்கு?"

"அவனுக்கும் சேத்துத்தான்."

அவளும் கையை ஏந்தினாள். பாகீரதியம்மா ஸ்டூலில் இருந்து எழுந்து வந்து, மூலைக்கு வரப்பார்த்த ஒரு கூட்டத்தை அந்தப் பக்கமாகப் போகச் சொல்லி இந்தியில் அதட்டினார். நான் பிஸ்மி சொல்லி ஆரம்பிக்கும்போது என் இடது பக்கம் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். அத்தர் வாசனையில் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு அவரும் கையைத் தூக்கினார்.

"கைய எறக்குங்க" என்றேன்.

"சைனபு, நானும் அவன் வாப்பாதான."

"எறக்குங்க. நீங்கதான் வருசா வருசம் போயி ஓதிட்டு வந்தியளே. அது போதும்."

அவர் கைகளைக் கீழே இறக்கிக்கொண்டார். நான் ஃபாத்திஹாவை முதலில் இருந்து சத்தமாக ஓதினேன். முடித்தபோது ஆஸியா மட்டும் ஆமீன் சொன்னாள்.